ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தங்கள் நிலத்தைத் தாங்களே காப்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்போர்னில் குடியேறியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே பூர்வகுடிச் சமூகங்களே காட்டையும் சதுப்பு நிலங்களையும் காக்கிறார்கள், கூடவே மூதாதையர் விட்டுப்போன தடயங்களையும் காக்கிறார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். இது உண்மையிலேயே நடக்கிற காரியமா, இல்லை அரசு விளம்பரமா? வனத்துறை, தொல்லியல் துறை என்று படித்த நிபுணர்கள் செய்வதைவிட இது எந்த விதத்தில் மேல்?"

உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. நிலம் அந்த மக்கள் கையில் இருந்து, அதில் வேலை செய்ய நிலையான சம்பளம் கிடைத்து, வெளியார் திட்டம் ஏதாவது வந்தால் "வேண்டாம்" என்று மறுக்கும் அதிகாரமும் இருக்கிற இடங்களில் காடும் பிழைக்கிறது, பாறை ஓவியமும் பிழைக்கிறது. வெறுமனே கருத்துக் கேட்டுவிட்டுப் போகிற இடங்களில் இரண்டுமே போய்விடுகின்றன. இரண்டுக்கும் உதாரணம் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். மெல்போர்னிலிருந்து மேற்கே காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போனால் புஜ் பிம் வரும். குண்டிச்மாரா மக்களின் நிலம். சுமார் 37,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை வெடித்தது. நெருப்புக் குழம்பு ஐம்பது கிலோமீட்டர் வழிந்து கடல்வரை போனது. அது ஓடைகளின் போக்கை மறித்ததால் ஏரிகளும் சதுப்புகளும் உண்டாயின. குளிர்ந்து இறுகிய அந்தக் கருங்கல்லைப் பெயர்த்துத்தான் குண்டிச்மாரா மக்கள் கால்வாய் வெட்டினார்கள், கரை கட்டினார்கள், தண்ணீரைத் தேக்கினார்கள். எல்லாம் விலாங்கு மீனுக்காக.

அந்த விலாங்கின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் கால்வாய்களின் அருமை புரியும். பவளக் கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற சிறு குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து, தெற்கே வந்து ஆற்று முகத்துவாரம் வழியாக உள்நாட்டுக்குள் நுழையும். நல்ல தண்ணீரில் பல ஆண்டுகள் வளரும். முதிர்ந்ததும் இலையுதிர் காலத்து மழையில் தண்ணீர் ஏறும்போது மறுபடி கடலை நோக்கிக் கிளம்பும். பிறந்த பக்கம் போய் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். குண்டிச்மாரா மக்கள் இந்தப் போக்குவரத்து முழுவதையும் கணக்கில் வைத்துக் கட்டினார்கள். குஞ்சு உள்ளே வர வழி, வளரத் தேங்கு நீர், கிளம்பும் காலத்தில் குறுகிய வாய்க்காலில் பின்னல் கூடையை வைத்துப் பெரிய மீனை மட்டும் பிடிக்க இடம். அதனால் இதை மீன்பொறி என்று சொல்வதைவிட மீன் பண்ணை என்பதே சரி. இந்த அமைப்பில் ஒரு பகுதியை ஆய்வாளர்கள் 6,600 ஆண்டுகள் பழையது என்று காலக்கணிப்புச் செய்திருக்கிறார்கள். வீடுகளும் கல்லால்தான் கட்டினார்கள், வட்டமான அடிச்சுவர்கள் இன்றும் தரையில் தெரிகின்றன.

1834-ல் அருகிலுள்ள கடற்கரை ஊரான போர்ட்லாந்தில் வெள்ளையர் நிரந்தரமாகக் குடியேறினார்கள். ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று உள்ளே நகர்ந்தார்கள். 1840-களில் யூமெரெல்லா போர் நடந்தது. குதிரை ஏற முடியாத அந்தக் கல்மேட்டுக்குள் பதுங்கிக்கொண்டு குண்டிச்மாரா மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். தோற்றபின் எஞ்சியவர்களில் பலர் 1860-களில் தொடங்கிய கொண்டா ஏரி மிஷனுக்குள், அதாவது கிறித்தவச் சபை பூர்வகுடிகளுக்காக நடத்திய குடியிருப்புக்குள், அடைக்கப்பட்டார்கள். அப்புறம் 1886-ல் வந்த சட்டம், கலப்பு இரத்தம் என்று முத்திரை குத்தி மிஷனிலிருந்தும் பலரை வெளியேற்றியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1950-கள் வரை மேய்ச்சலுக்காகக் கொண்டா ஏரியையே வடிகால் வெட்டி வற்றவைத்தார்கள். தண்ணீர் போனதும் கால்வாய்கள் புல்லுக்குள் மறைந்தன, விலாங்கு குறைந்தது, நீர்ப்பறவைகள் போயின.

லவெட் சகோதரர்களின் கதையைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. இதே குண்டிச்மாரா குடும்பத்தின் ஐந்து சகோதரர்கள் முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையில் சண்டையிட்டு ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள். அவர்களில் நான்கு பேர் இரண்டாம் உலகப் போரிலும் சேர்ந்தார்கள். போர் முடிந்தபின் பழைய மிஷன் நிலம் முன்னாள் படைவீரர்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. ஹெர்பர்ட் லவெட் தன் மூதாதையர் மண்ணில் ஒரு துண்டு கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. "சமூகம் தன் நிலத்தைக் காக்கட்டும்" என்று இன்று எளிதாகச் சொல்கிறோமே, அந்த நிலம் அவர்கள் கைக்குத் திரும்பவே எவ்வளவு காலம் பிடித்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

திரும்பியதற்கு இரண்டு பெண்கள் முக்கியக் காரணம். அல்கோவா நிறுவனம் போர்ட்லாந்தில் அலுமினிய உருக்காலை கட்டப் போனபோது, அங்கே இருக்கும் தங்கள் மூதாதையர் தடயங்கள் அழியும் என்று சாண்ட்ரா ஓனஸும் கிறிஸ்டினா ஃபிராங்க்லாண்டும் வழக்குப் போட்டார்கள். "உங்களுக்கு இதில் வழக்காட என்ன உரிமை?" என்று கீழ் நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்தார்கள். 1981-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம், அந்தத் தடயங்களின் காவலர்கள் என்ற முறையில் அவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்த பேச்சுவார்த்தைகளின் விளைவாக 1987-ல் தனிச் சட்டம் போட்டுக் கொண்டா ஏரி மிஷன் நிலம் திருப்பித் தரப்பட்டது. 2007-ல் பூர்வகுடி நில உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது.

நிலம் வந்ததும் அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். சுற்றிக் கம்பிவேலி போட்டு, அறிவிப்புப் பலகை நட்டுத் தொல்லியல் சின்னமாக்கவில்லை. தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். இருபது வருடத்துக்கும் மேல் அதற்காகவே அலைந்து, 2010-ல் ஏரியின் வடிகாலில் தடுப்பணை கட்டினார்கள். ஏரி நிறைந்தது. நூறு வருடமாகக் காய்ந்து கிடந்த கற்கால்வாய்களில் தண்ணீர் ஓடியது. சதுப்பும் பறவையும் விலாங்கும் திரும்பின. அந்தக் கால்வாய்கள் எப்படி வேலை செய்தன என்பதை ஆய்வாளர்களும் தண்ணீர் ஓடும்போதுதான் சரியாகப் பார்க்க முடிந்தது. இது சூழல் மீட்பா, பண்பாட்டுப் பாதுகாப்பா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு துறைகளிடம் தனித்தனியாக விட்டிருந்தால் ஒன்று கற்களை அளந்து கோப்பில் வைத்திருக்கும், இன்னொன்று வற்றிய புல்வெளியைப் பராமரித்திருக்கும்.

2019 ஜூலையில் யுனெஸ்கோ புஜ் பிம்மை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பூர்வகுடிப் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் ஆஸ்திரேலிய இடம் அதுதான். அதையடுத்து வந்த கோடையில் மின்னல் தாக்கிக் காட்டுத்தீ பரவியது. அடர்ந்த புதர் எரிந்தபின் அதுவரை யாரும் குறித்து வைத்திராத கால்வாய்கள் வெளியே தெரிந்தன. சம்பளம் பெற்று நிலத்தைப் பராமரிக்கும் உள்ளூர்ப் பூர்வகுடி ரேஞ்சர்கள் தீயணைப்பிலும் இருந்தார்கள், எரிந்த நிலத்தில் நடந்து அந்தக் கற்களைப் பதிவு செய்வதிலும் இருந்தார்கள்.

சரி, தீ என்று வந்துவிட்டதால் வடக்கே போவோம். இந்தப் பேச்சில் மிக வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது.

டார்வினுக்குக் கிழக்கே மேற்கு ஆர்னெம் லேண்ட் என்ற மணற்கல் பீடபூமி. பாறைக் குகைகளில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள். பள்ளங்களில் அன்பினிக் மரங்கள் அடர்ந்த பழங்காட்டுத் திட்டுகள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கிருந்த மக்கள் மிஷன்களுக்கும் சுரங்க வேலைக்கும் ஊர்களுக்கும் நகர்ந்தார்கள். பீடபூமி ஆளில்லாமல் போனது. "மனிதக் கை படாத காடு" என்று சிலர் அதைப் புகழ்ந்தார்கள். உண்மையில் அது அப்போது சீரழிந்துகொண்டிருந்தது.

வெப்பமண்டலப் புல்வெளிக் காடு அது. மழைக்காலத்தில் ஆளுயரம் புல் வளரும், பிறகு காயும், எப்படியும் எரியும். எப்போது எரிகிறது என்பதில்தான் வித்தியாசம். மே, ஜூன் மாதங்களில் புல் பாதி பச்சையாக இருக்கும், இரவில் பனி இறங்கும். அப்போது வைக்கிற தீ முழங்கால் உயரத்துக்கு எரிந்து இரவில் தானே அணைந்துவிடும். திட்டுத் திட்டாக எரியும், எரியாத இடத்தில் உயிரினங்கள் ஒதுங்கும். அக்டோபரில் எல்லாம் சருகாகி, வெப்பக் காற்று வீசும்போது பிடிக்கும் தீ மர உச்சிவரை ஏறும். வாரக்கணக்கில் நிற்காமல் போகும். முன்பு குடும்பங்கள் நடந்து போகும் வழியெல்லாம் சிறு சிறு தீ வைத்தே போவார்கள். அதனால் பெரும் தீக்குப் பாதை கிடைக்காது. ஆள் போனதும் அந்தச் சிறு தீயும் போனது. வருடாவருடம் பெரும் தீ வந்தது, அன்பினிக் திட்டுகள் ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கின.

பாறை ஓவியத்துக்கும் இதுவே எதிரி. கடும் வெப்பத்தில் பாறையின் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும், ஓவியமும் கூடவே போகும். காட்டு எருமையும் பன்றியும் குகைக்குள் படுத்துச் சுவரில் உடம்பைத் தேய்க்கும். ஓவியத்தைக் காக்க நினைத்தால் ஓவியத்தின் அருகில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். சுற்றி இருக்கும் புல்லை எந்த மாதத்தில் எரிப்பது, எருமையை எப்படிக் குறைப்பது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

பர்தாயல் நாஜமெரெக் என்ற மூத்த ஓவியர், லாஃப்டி என்று எல்லோரும் அறிந்தவர், இந்தப் பீடபூமியில் பிறந்து பாறையில் ஓவியம் தீட்டிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். "ஆள் இல்லாத நிலம் கெட்டுப்போகிறது, திரும்பிப் போக வேண்டும்" என்பது அவர் நிலைப்பாடு. 2002-ல் குடும்பத்தோடு கபுல்வர்னாம்யோ என்ற தன் இடத்துக்குத் திரும்பிக் குடியேறினார். வயதானவர்களின் தீ அறிவும், டார்வின் ஆய்வாளர்களின் செயற்கைக்கோள் படங்களும் சேர்ந்து ஒரு திட்டம் உருவானது. 2006-ல் டார்வினின் இயற்கை எரிவாயு ஆலையோடு 17 ஆண்டு ஒப்பந்தம். சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் வறண்ட காலத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ (முன்பருவத் தீ) வைத்துப் பெரும் தீயைக் குறைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுவைத் தவிர்க்க வேண்டும், அதற்கு ஆலை ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் தரும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: முன்பருவத்தில் எரித்தாலும் கார்பன்தானே வெளியேறுகிறது? கணக்கு வேறு. வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அடுத்த மழையில் வளரும் புல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்று அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு இரண்டையும்தான் கணக்கிடுகிறார்கள். முன்பருவத் தீ குறைந்த பரப்பில், குறைந்த அளவு சருகையே எரிக்கிறது. ஆகவே அவை குறைகின்றன. திட்டம் இலக்கைத் தாண்டியது. பின்னர் அரசே, இப்படித் தவிர்த்த வாயுவைக் கார்பன் வரவாக விற்க விதிமுறை வகுத்தது, வட ஆஸ்திரேலியா முழுக்கப் பல பூர்வகுடிக் குழுக்கள் இன்று இதில் வருமானம் பெறுகின்றன.

அந்தப் பணத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2007-ல் வர்டெக்கன் என்ற நிறுவனத்தை அந்த மக்களே தொடங்கினார்கள். ஆண், பெண் ரேஞ்சர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து தீக்குண்டுகள் போடுகிறார்கள், கூடவே பழைய நடைவழிகளில் முதியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து பல நாள் நடந்துபோய்க் கையாலும் தீ வைக்கிறார்கள். நடக்கும்போது இடங்களின் பெயரும் கதையும் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பீடபூமியின் ஓவியக் குகைகளைத் தேடிப் பதிவு செய்யத் தனி அணி இருக்கிறது. பிள்ளைகளைப் படிக்கவைக்க ஊரை விட்டுப் போகும் நிலை வரக்கூடாது என்று கபுல்வர்னாம்யோவிலேயே பள்ளி தொடங்கி, அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடக்கிறது. பள்ளிக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பள்ளி இல்லாவிட்டால் குடும்பம் நகரத்துக்குப் போகும், குடும்பம் போனால் தீ வைக்க ஆள் இருக்காது. அவ்வளவு நேரடியான தொடர்பு.

வடக்கில் மட்டும் நடந்த பாடம் இல்லை இது. நாட்டின் நடுவில் இருக்கும் உலுரு பூங்காவில் 1976-ல் வந்த தீயில் ஏறக்குறைய முக்கால் பங்கு எரிந்தது. அனாங்கு மக்களின் திட்டுத் தீ முறையைப் பூங்கா நிர்வாகம் கையிலெடுத்தது அதற்குப் பிறகுதான்.

இந்த வேலைகளுக்கு ஒரு பொதுவான நிர்வாக வடிவம் உண்டு. பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதி என்று சொல்லலாம். நிலத்துக்கு உரியவர்களே முன்வந்து, முதியவர்களோடு உட்கார்ந்து பேசி மேலாண்மைத் திட்டம் எழுதி, "எங்கள் நிலத்தை இப்படிக் காப்போம்" என்று அறிவிப்பார்கள். மத்திய அரசு அதை ஏற்று நிதி தரும். நில உரிமை அரசுக்குப் போகாது. முதல் அறிவிப்பு 1998-ல், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைப் பகுதியில், அட்ன்யமத்தன்ஹா மக்களின் நந்தவரினா. இன்று 80-க்கும் மேற்பட்ட பகுதிகள். நாட்டின் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் இவைதான். அதாவது "மாற்று முயற்சி" என்று ஓரமாக வைத்துப் பேசும் அளவில் இது இல்லை. தேசியப் பூங்காக்களைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

நிபுணர்களைவிட எப்படி மேல் என்று கேட்டீர்கள். நிபுணர்கள் வேண்டாம் என்று எந்தச் சமூகமும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பாலைவனத்தில் தடம் பார்த்துப் படிக்கும் திறமை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிவிர்குராவில் பின்டுபி மக்கள், அதிலும் குறிப்பாகப் பெண்கள், காட்டுப்பூனையின் தடத்தை மணலில் தொடர்ந்து போய் வேட்டையாடுகிறார்கள். பூனை ஐரோப்பியரோடு வந்தது, உள்ளூர்ச் சிறு விலங்குகளை அழித்தது. அந்தப் பூனையை உணவாகச் சாப்பிடவும் பழகிவிட்டார்கள். பில்பி என்ற நீண்ட காது விலங்கு அந்த வட்டாரத்தில் இன்னும் வாழ்கிறது.

இன்னொன்று இரவுக்கிளி. நூறு ஆண்டுகளாக அழிந்துபோனது என்றே பலர் நம்பிய பறவை. 2013-ல் குயின்ஸ்லாந்தில் ஒன்று படம் பிடிக்கப்பட்டது. பிறகு கிரேட் சாண்டி பாலைவனத்தில் ஙுருர்பா ரேஞ்சர்கள் தங்கள் பகுதியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துத் தேடினார்கள். எங்கே வைப்பது என்று தீர்மானிக்க நில அறிவு உதவியது. 2024-ல் வெளியான ஆய்வில், அங்கே ஐம்பது பறவைகளாவது இருக்கலாம் என்று தெரிந்தது. உலகத்திலேயே தெரிந்தவரை மிகப் பெரிய கூட்டம். டிங்கோ நாய்கள் பூனையைத் தின்று கட்டுக்குள் வைத்திருப்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மற்ற இடங்களில் விஷம் வைத்துக் கொல்லப்படும் டிங்கோ இங்கே கிளியின் காவலாக இருக்கிறது.

இப்போது எதிர்ப்பக்கம். 2020 மே 24 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை ரியோ டிண்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து தங்கிய தடம் இருந்த இடம். 2014-ல் நடந்த அகழாய்வில் அங்கே மனிதத் தலைமுடியைப் பின்னிச் செய்த, 4,000 ஆண்டு பழைய ஓர் இடுப்புப் பட்டை கிடைத்தது. அந்த முடியின் மரபணு இன்று வாழும் புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களோடு தொடர்புடையது என்று தெரிந்தது. இவ்வளவு தெரிந்தும் இடித்தார்கள். சட்டப்படிதான் இடித்தார்கள். 1972-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் 2013-லேயே அமைச்சர் அனுமதி கொடுத்துவிட்டார். அனுமதிக்குப் பின் என்ன கண்டுபிடிக்கப்பட்டாலும் அதை மறுபரிசீலிக்க அந்த மக்களுக்கு அப்போது வழியே இருக்கவில்லை. மேல்முறையீடு செய்யும் உரிமை நில உரிமம் வைத்திருந்த சுரங்க நிறுவனத்துக்கு மட்டும் இருந்தது. தலைமை நிர்வாகி பதவி விலகினார், நாடாளுமன்ற விசாரணை நடந்தது. மாநில அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. அது 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது, தனியார் நில உடைமையாளர்களின் எதிர்ப்பில் ஐந்தே வாரத்தில் கைவிடப்பட்டது. பழைய சட்டத்தையே திருத்தி வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம் தணியவில்லை.

இதோடு கூன்கராவை ஒப்பிடுங்கள். வடக்குப் பிரதேசத்தில், ககடு பூங்காவின் நடுவில் யுரேனியம் உள்ள இடம். பிரெஞ்சு நிறுவனம் அரேவா கண் வைத்திருந்தது. ஜோக் குலத்தின் மூத்த உரிமையாளர் ஜெஃப்ரி லீ, கோடிக்கணக்கில் பணம் வந்திருக்கும் என்று தெரிந்தே மறுத்தார். அங்கே 1976-ன் நில உரிமைச் சட்டம் இருக்கிறது. சுரங்கத்துக்கு மறுப்புச் சொல்லும் உரிமையை அது பூர்வகுடிகளுக்குத் தருகிறது. 2011-ல் அந்த இடம் உலகப் பாரம்பரியப் பகுதியில் சேர்ந்தது, 2013-ல் பூங்காவோடு இணைந்தது. ஜூகனில் அந்த மக்களுக்கு அக்கறை குறைவாக இருந்ததா? துளியும் இல்லை. அவர்களிடம் மறுக்கும் உரிமை இல்லை, ஜெஃப்ரி லீயிடம் இருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

ககடுவே எல்லாவற்றிலும் முன்மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பூங்கா நிர்வாகக் குழுவில் பூர்வகுடிகளே பெரும்பான்மை. ஆனாலும் 2019-ல் குன்லோம் அருவியில் புனித இடத்துக்கு அருகே முறையான அனுமதி இல்லாமல் நடைபாதை அமைத்துவிட்டார்கள். ஆண்கள் சடங்கு சார்ந்த இடம் அது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. புனித இடங்களைக் காக்கும் பிரதேசச் சட்டம் மத்திய அரசின் பூங்கா இயக்குநரையும் கட்டுப்படுத்தும் என்று 2024-ல் தீர்ப்பு வந்தது.

குன்லோம் விவகாரம் இன்னொரு விஷயத்தையும் காட்டுகிறது. எல்லா அறிவும் எல்லோருக்கும் அல்ல. சில இடங்களைப் பற்றி ஆண்கள் மட்டும் பேசலாம், சிலவற்றைப் பெண்கள் மட்டும். இன்ன குடும்பம்தான் இன்ன இடத்துக்காகப் பேசலாம் என்ற முறை உண்டு. ஆகவே எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து இணையத்தில் போட்டால் பாதுகாப்பாகிவிடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. பல ரேஞ்சர் அணிகள் தங்கள் பதிவுகளைப் பூட்டி, யார் எதைப் பார்க்கலாம் என்று தாங்களே தீர்மானிக்கின்றன. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் நமக்கு, ஆண்டுக்கொரு நாள் மட்டும் திறக்கும் சன்னிதியும், குறிப்பிட்ட குடும்பத்துக்கே உரிய கோயில் முறையும் புதிதல்ல. அதனால் இதைப் புரிந்துகொள்வது சிரமமாக இருக்காது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்துவிட்டால் சுரங்கம் வராது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இது பெரிய ஓட்டை. நிதி சில ஆண்டு ஒப்பந்தங்களாகவே வருகிறது. 2007-ல் தொடங்கிய மத்திய அரசின் ரேஞ்சர் திட்டம் பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடைசி ஆண்டில் "வேலை தொடருமா?" என்ற கவலை ஊரெங்கும் இருக்கும். நடு ஆஸ்திரேலியாவில் பஃபெல் புல் என்ற அயல் புல் பரவி, கடுமையாக எரிந்து, பழைய திட்டுத் தீ முறையையே செல்லாததாக்குகிறது. கார்பன் பணம் வரும் இடங்களில், கணக்குக்கு ஏற்ற மாதத்தில் எரிப்பதா, வேட்டைக்கும் காய்கனிக்கும் ஏற்ற நேரத்தில் எரிப்பதா என்ற விவாதம் உள்ளுக்குள் நடக்கிறது. அந்த விவாதத்தை அவர்களே நடத்துகிறார்கள் என்பது நல்லது.

புஜ் பிம்மில் எல்லைச் சிக்கல் இருக்கிறது. சுற்றிலும் தனியார் புளூகம் (ஒரு வகை யூகலிப்டஸ்) தோட்டங்கள். அவற்றில் கோலாக்கள் பெருகுகின்றன, மரத்தை வெட்டும்போது பூங்காவின் மன்னா யூகலிப்டஸ் மரங்களுக்கு நகர்கின்றன, இலை தீர்ந்து மரம் சாகிறது. 2025 மார்ச்சில் தீ வந்தபோது காயம்பட்ட, உணவில்லாத கோலாக்களை மாநில அரசுத் துறை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் கொன்றது. நூற்றுக்கணக்கில் இறந்தன, நாடே கொதித்தது. வேலிக்கு வெளியே என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிக்க குண்டிச்மாரா மக்களுக்கு அதிகாரம் இல்லாதவரை இந்தப் பிரச்சினை தீராது.

நீங்கள் மெல்போர்னில் இருப்பதால் ஒரு யோசனை. நேரில் போய்ப் பாருங்கள். கொண்டா ஏரிக் கரையில் 2022-ல் திறந்த டே ராக் மையம் இருக்கிறது. குண்டிச்மாரா வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலாவை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அவர்கள் துணையில்லாமல் பார்க்க முடியாத கல்வீடுகளையும் கால்வாய்களையும் காட்டுவார்கள். புகையூட்டிய விலாங்கு அங்கேயே சாப்பிடலாம். கொடுக்கும் பணம் குண்டிச்மாரா மக்களின் அமைப்புக்கே போகிறது. குளிர்காலத்திலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ போனால் ஏரியில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம், கால்வாய் ஓடுவதைப் பார்க்கலாம். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள், ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். வடக்கே ஆர்னெம் லேண்ட் போகும் எண்ணமிருந்தால் முன் அனுமதிச் சீட்டு கட்டாயம், விண்ணப்பித்துக் கிடைக்கச் சில வாரம் ஆகலாம்.